டார்ச்சை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் இருக்கிறோம். மூன்று வருடமாக ஒரு காக்டெயில் கிளி வளர்க்கிறேன், பெயர் பவுனு. போன மாதம் ஓர் இரவு, கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டு ஆயா, "வெளக்கெண்ண தடவி வவுத்த அமுக்கி வுடு" என்றார். எனக்குக் கை நடுங்கியது, செய்யவில்லை. விடிந்ததும் கணவர் வண்டியில் வேப்பேரிக்குப் போனோம். முட்டை அடைத்திருக்கிறது என்று கால்சியம் ஊசி போட்டார்கள். சாயங்காலம் முட்டை வந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ராத்திரி நாலைந்து முறை எழுந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். "ஒரு குருவிக்கு இவ்ளோ அலப்பறையா? போனா வேற வாங்கிக்கலாம்" என்கிறார் கணவர். முந்தின நாளே கவனிக்காமல் விட்டது என் தப்புதானே?

- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை அம்மா, தப்பில்லை. கூட்டமாக வாழும் பறவை நோயைக் காட்டிக்கொள்ளாது. நோஞ்சானாகத் தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும். அதனால் உடம்பில் தெம்பு இருக்கும்வரை தின்பதுபோலக் கொறித்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாததுபோல இருக்கும். இனி முடியாது என்கிறபோதுதான் தரைக்கு இறங்கும். நீங்கள் பார்த்தது அந்தக் கட்டத்தை. முந்தின நாள் பவுனு உங்களிடம் மறைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கை நடுங்கியதற்கும் நன்றி சொல்லுங்கள். வயிற்றை அமுக்கியிருந்தால் முட்டை உள்ளேயே உடைந்திருக்கலாம். பிறகு மாட்டாஸ்பத்திரியிலும் காப்பாற்றுவது கஷ்டம். (1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அது. நம் பக்கத்து ஜனங்களுக்கு இன்னும் மாட்டாஸ்பத்திரிதான்.) இன்னொரு முறை இப்படி ஆனால், காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் கொண்டுபோங்கள். வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். பிராந்தி சொட்டு என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்கவே வேண்டாம்.

இப்போது அந்த டார்ச் விஷயத்துக்கு வருகிறேன். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை. வெளிச்ச நேரம் நீண்டால் அதன் உடம்பு, முட்டையிடுகிற காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஆண் துணையே வேண்டாம். பதினொரு மணிவரை டிவி, அப்புறம் இரண்டு மணிக்கு ஒரு டார்ச், நாலு மணிக்கு ஒரு டார்ச்! அடுத்த முட்டைக்கு நீங்களே தாம்பூலம் வைத்து அழைக்கிறீர்கள். போதாததற்கு, இருட்டில் திடீர் வெளிச்சம் பட்டால் மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்கிற இனம் இது. இறகு முறிந்து ரத்தம் வரும். ஆகவே மாலை ஏழு மணிக்குக் கூண்டை உள்ளறைக்கு நகர்த்தி, ஒரு பக்கம் காற்று வர விட்டு, பருத்தித் துணியால் மூடுங்கள். காலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதும் அவளுக்கு வைத்தியம்தான்.

கூண்டில் பானை, பெட்டி எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். கொஞ்சும்போது தலையை மட்டும் வருடுங்கள். முதுகில் தடவுவதை ஜோடி சேருகிற அழைப்பாக எடுத்துக்கொள்வாள். மறுபடி முட்டையிட்டால் உடனே எடுக்காதீர்கள். எடுக்க எடுக்க ஈடுகட்ட இன்னொன்று இடுவாள். விட்டுவிட்டால் அடைகாத்துச் சலித்து விலகுவாள்.

வெறும் தினையும் சூரியகாந்தி விதையும்தான் சாப்பாடு என்றால், ஓடு கட்டக் கால்சியம் எங்கிருந்து வரும்? கணவாய் ஓட்டை, நாட்டு மருந்துக்கடையில் கடல் நுரை என்பார்களே அதை, கூண்டில் கட்டுங்கள். காசிமேட்டில் கணவாய் வாங்குகிறவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை: ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, வேகவைத்து, வெயிலில் காயவைத்தால் போதும். முருங்கைக்கீரை கொடுங்கள். காலையில் கொஞ்ச நேரம் கூண்டை பால்கனி வெயிலில் வையுங்கள், பாதி நிழல் இருக்கட்டும், பூனையும் காக்கையும் வராமல் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பிரயோஜனம் இல்லை.

எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் மனசு ஆறும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. நம் வடசென்னைப் புறாக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? புறாவைக் கையில் எடுத்ததும் விரல் நெஞ்செலும்புக்குத்தான் போகும். சதை வற்றி எலும்பு கத்தி மாதிரி நின்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இறகு மறைப்பதை விரல் கண்டுபிடித்துவிடும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றால், கிராம் காட்டுகிற சமையல் தராசு போதும். தினமும் காலையில், தீனிக்கு முன்னால், நிறுத்து எழுதுங்கள். காக்டெயில் பெரும்பாலும் 80 முதல் 120 கிராம் இருக்கும். ஒன்றிரண்டு கிராம் ஏறும் இறங்கும்; பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் இருப்பது நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால் கதையே வேறு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கவே கூடாது. வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

உங்கள் கணவர் விஷயம். வேற வாங்கிக்கலாம் என்கிறவர், விடிந்தும் விடியாமலும் வண்டியை எடுத்து, கிளிப்பெட்டி குலுங்காமல் தண்டையார்பேட்டையிலிருந்து வேப்பேரிவரை ஓட்டியிருக்கிறார். அவருக்கும் பயம்தான், பேச்சு வேறாக வருகிறது. தராசைப் பார்த்து எண்ணைச் சொல்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். நீங்கள் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.