கடிதம் போட்டா சட்டம் வந்தது?

கேள்வி: 1960-களில் அமெரிக்க செனட்டர்களுக்கு ஊர் மக்கள் எழுதிய கடிதங்களை அங்குள்ள நூலகங்களில் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கிறார்களாமே! தலைவர்கள் பேசி முடித்த சட்டங்களுக்கு இந்தக் கடிதங்கள் என்ன செய்துவிட்டன? இவ்வளவு மரியாதை தேவையா?

பதில்: தேவைதான். தலைவர்கள் பேசி முடித்தார்கள் என்கிறீர்கள். அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியவர்களை விட்டுவிட்டீர்களே!

கறுப்பின மக்களை ஒதுக்கிவைப்பதைத் தடைசெய்த 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் கீழவையில் 290-க்கு 130 என்று நிறைவேறிவிட்டது. சிக்கல் மேலவையான செனட்டில்தான். தென்மாநில உறுப்பினர்கள் மாறி மாறிப் பேசியே வாக்கெடுப்பு நடக்கவிடாமல் இழுத்தடித்தார்கள். நூறு பேரும் அவையில் இருந்தால், பேச்சை நிறுத்த 67 ஓட்டு வேண்டும். அதற்கு முன் எந்த சிவில் உரிமை மசோதாவிலும் அது முடிந்ததில்லை.

பற்றாக்குறையாக இருந்த ஓட்டுகள் அயோவா, தெற்கு டகோட்டா போன்ற நடுமேற்கு மாநிலங்களின் குடியரசுக் கட்சி செனட்டர்களிடம் இருந்தன. அன்றைய அயோவாவில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தெற்கு டகோட்டாவில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் இல்லை. மசோதா தோற்றால் அந்த செனட்டர்களுக்கு ஊரில் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அவர்கள் மேசைக்குத்தான் கடிதங்கள் குவிந்தன. தேவாலயங்களின் தேசிய மன்றம் ஊர் ஊராகப் பேசியது. ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்த வெள்ளை இன மக்கள் உட்கார்ந்து எழுதினார்கள். எங்கோ தெற்கே ஓர் உணவகத்தில் உட்காரவிடாமல் விரட்டப்படுகிறவருக்காக, அவர் முகத்தையே பார்த்திராத ஒருவர் 5 சென்ட் தபால்தலை ஒட்டி எழுதுகிறார். தனக்கு அதில் காலணா லாபமில்லை. அப்படிப்பட்ட கடிதத்தை எந்த அரசியல்வாதியும் லேசாகத் தள்ளிவிட முடியாது. எதிரணிக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரசல், போதகர்களின் நெருக்குதல் பற்றி செனட்டிலேயே குறைப்பட்டுக்கொண்டார்.

ஜூன் 10 அன்று 71-க்கு 29. பேச்சு நின்றது. அயோவாவின் செனட்டர் ஹிக்கன்லூப்பருக்கு மசோதா பிடிக்கவே இல்லை. ஒன்பது நாள் கழித்து அதை எதிர்த்தே ஓட்டுப் போட்டார். ஆனாலும் பேச்சை நிறுத்த ஓட்டளித்த 71 பேரில் அவரும் ஒருவர். கடிதமே எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்லவில்லை. அன்றைய ஜனாதிபதி ஜான்சனின் பிடிவாதமும், மசோதாவின் வாசகங்களைத் திருத்தித் தன் கட்சியினரை இழுத்துவந்த, செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் டர்க்சனின் உழைப்பும் உண்டு.

சரி, கடிதத்துக்கு மதிப்பே இல்லையென்றால், ஆள் திரட்டி அதை எழுதவைக்க யாராவது மெனக்கெடுவார்களா? 1961-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைத்தான் செய்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து, டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்தார்கள். அப்போது நடிகராக இருந்த ரொனால்டு ரீகன் பேசிய இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் கையோடு கடிதம் எழுதவைத்தார்கள். ஒரே அச்சாகத் தெரியக்கூடாது, அவரவர் தாமாகவே எழுதியதுபோல் இருக்கவேண்டும் என்பது திட்டம். 1962-இல் அந்த மசோதா செனட்டில் 52-க்கு 48 என்று தோற்றது. சட்டம் வர 1965 ஆயிற்று.

ரசலின் ஆவணங்கள் இன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சிவில் உரிமை மசோதாவைத் தோற்கடிக்கச் சொல்லி வந்த கடிதங்களும் அவற்றில் உண்டு. அவற்றையும் பத்திரமாக வைத்திருப்பதுதான் சரி. அன்று யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை, அவரவர் கையெழுத்திலேயே பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.