டிசம்பரிலும் வரும் ஹம்மிங்பேர்ட்: ஃபீடரை எடுத்துவிடலாமா?

சியாட்டில் அருகே வசிக்கும், ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவைக்காக ஃபீடர் (சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை) தொங்கவிட்டிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஃபீடரை எடுக்காவிட்டால் ஹம்மிங்பேர்ட் தெற்கே போகாமல் குளிரில் செத்துவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்று இன்னும் வருகிறது. காலையில் சர்க்கரைத் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. சர்க்கரையைக் கூட்டலாமா?"

தயவுசெய்து எடுக்காதீர்கள். உங்களிடம் வருவது பெரும்பாலும் அன்னா ஹம்மிங்பேர்டாக இருக்கும். ஆணுக்குத் தொண்டை மட்டுமல்ல, உச்சந்தலையும் ரோஜா நிறத்தில் மின்னும். கோடையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய செம்பழுப்பு நிற ரூஃபஸ் ஹம்மிங்பேர்ட்தான் மெக்சிகோ வரை போகும். அதையும் கிளப்புவது பகல் நேரம் குறைவதுதான். ஃபீடர் யாரையும் கட்டிப்போடுவதில்லை. அன்னா குளிர்காலத்திலும் அங்கேயே தங்கும் பறவை. நூறு வருடங்களுக்கு முன் தெற்குக் கலிஃபோர்னியாவை ஒட்டியே கூடு கட்டியது, வீட்டுத் தோட்டங்களையும் ஃபீடர்களையும் பிடித்துக்கொண்டு வடக்கே ஏறி வந்திருக்கிறது.

சரி, உறைவதற்கு என்ன செய்வது? சர்க்கரையைக் கூட்டிப் பயனில்லை. உறையும் வெப்பநிலை பெரிதாக இறங்காது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். நம் வீட்டுப் பழக்கத்தில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேனும் வேண்டாம், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம்.

இரவில் ஃபீடரை உள்ளே எடுத்து வையுங்கள். ஆனால் விடியுமுன் வெளியே மாட்டிவிட வேண்டும், இதில் மட்டும் தவறாதீர்கள். சுமார் நாலு கிராம் எடையுள்ள உயிர் அது. இரவைத் தாண்டுவதற்காக உடல் சூட்டையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். விழித்துச் சூடேறவே உடலில் உள்ள கையிருப்புச் சக்தி கரைந்துவிடும், அந்த முதல் வெளிச்சத்தில் வந்து பார்க்கும்போது பனிக்கட்டி இருக்கக் கூடாது. இரண்டு ஃபீடர் வைத்து மாற்றி மாற்றி மாட்டுவது எளிது. பகலிலும் உறைந்தால் பக்கத்தில் பழைய இழை பல்பு ஒன்றை எரியவிடுங்கள். எல்இடியில் போதுமான சூடு வராது.

அப்புறம், ஒருநாள் அது ஃபீடரில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால் பதறாதீர்கள், தொடவும் வேண்டாம். மரத்த நிலையிலிருந்து மீளச் சில சமயம் அரைமணி நேரம்கூட ஆகும். சன்னலுக்குள் நின்று காத்திருங்கள். முதலில் உடல் நடுங்கும், பிறகு இறகு சிலிர்க்கும், சட்டென்று பறந்துவிடும்.