மேக்னம் ரைஃபிளுக்கு எந்தக் குண்டு? மான் வேட்டைக் கேள்வி பதில்

அமெரிக்காவில் உரிமம் எடுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் கேள்விகள் இவை. முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் கூடு, வெடிமருந்து, முனை எல்லாம் சேர்ந்ததையும் தோட்டா என்கிறோம், பறந்து போகிற முனையையும் தோட்டா என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, இங்கே முழுசாக இருப்பது தோட்டா, பறப்பது குண்டு. மேக்னம் என்றால் வெடிமருந்து அதிகம் வைத்த, வேகம் கூடிய தோட்டா. கிரெயின் என்பது குண்டின் எடை அளவு, சுமார் 15 கிரெயின் ஒரு கிராம். ஒரு யார்டு மூன்று அடி.

கேள்வி: .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கியிருக்கிறேன். கடையில் 150 கிரெயினும் இருக்கிறது, 180 கிரெயினும் இருக்கிறது. மான் சின்ன உடம்புதானே, 150 போதாதா?

எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். குண்டு மானைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

.308 வின்செஸ்டர், .30-06, .300 மேக்னம் மூன்று வகைத் தோட்டாவுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 0.308 அங்குலம். செம்புத் தோலுக்குள் ஈயம் வைத்த அதே சாதாரண 150 கிரெயின் குண்டு .308-இல் விநாடிக்கு சுமார் 2,820 அடி வேகத்தில் கிளம்பும். உங்கள் மேக்னத்தில் 3,290. மெதுவான துப்பாக்கியில் அழகாக விரிகிற குண்டு இந்த வேகத்தில் சிதறிவிடும். 50 யார்டில் நிற்கும் மானின் முன்சப்பை எலும்பில் பட்டால் மேலேயே வெடித்துப் பெரிய காயம் உண்டாக்கும், ஆனால் நுரையீரல் வரை போகாது. மான் காயத்தோடு ஓடிவிடும். வேட்டையில் இதைவிட மோசமான முடிவு கிடையாது. விலாவில் பட்டால் மான் விழும், ஆனால் பாதி இறைச்சி ரத்தம் கட்டி வீணாகும்.

சாதாரண வகைதான் வாங்குவீர்கள் என்றால் 180 எடுங்கள். 2,960 அடியில் கிளம்பி, 100 யார்டில் 2,745, 200 யார்டில் 2,540 என்று இறங்கும். அந்த வேகத்தை அது தாங்கும்.

கேள்வி: அப்படியென்றால் மேக்னத்துக்கென்றே செய்த குண்டு எது அண்ணா?

மூன்று வகை உண்டு. முதலாவது, நடுவில் தடுப்பு வைத்தது. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் .300 ஹெச் அண்ட் ஹெச் என்ற பழைய மேக்னத்தால் ஒரு மூஸை (மிகப் பெரிய மான் வகை) சுட்டபோது, குண்டுகள் மேலாகவே சிதறி உள்ளே இறங்கவில்லை. அதற்கு விடையாக அவர் உருவாக்கியதுதான் பார்ட்டிஷன். செம்பிலேயே ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். முன்பாதி ஈயம் விரிந்து சிதறினாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும்.

இரண்டாவது, ஈயத்தையும் செம்புத் தோலையும் பிரியாமல் ஒட்டவைத்தது. பாண்டட் என்பார்கள். விரியும், ஆனால் தோல் கழன்று போகாது. மூன்றாவது முழுச் செம்பு. ஈயமே இல்லை. மூக்கில் குழி இருக்கும். பட்டதும் நான்கு இதழாக விரியும், எடை அநேகமாகக் குறையாது.

50 யார்டிலும் வரலாம், 300 யார்டிலும் வரலாம் என்கிற இடமானால் என் தேர்வு பாண்டட் 165 அல்லது 180. 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் வைத்திருப்பவர்களுக்கு 150 அல்லது 160.

கேள்வி: முழுச் செம்புக் குண்டு போட்டேன். ஊசி குத்தின மாதிரி துளை, மான் 100 யார்டு ஓடிப் போச்சு. குண்டு விரியலையா?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தூரம். வேகம் 2,000 அடிக்குக் கீழே போனால் பல செம்புக் குண்டுகள் சரியாகத் திறக்காது. செம்பில் எடை கூட்டிப் போடாதீர்கள். எடை சிந்தாத குண்டு என்பதால் .300-இல் 150 தாராளம், வேகமும் நிற்கும். இரண்டாவது, பட்ட இடம். விலாவுக்கு நடுவே மெல்லிய இடத்தில் புகுந்து வெளியேறினால் குண்டு விரிந்திருந்தும் மான் ஓடும். செம்புக்கு முன்சப்பை எலும்பை ஒட்டிக் குறி வையுங்கள், உடைத்துக்கொண்டு போகும்.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு குண்டு நீளமாகிவிடும், நீளமான குண்டு நிலையாகப் பறக்க குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள் வரிகளின் திருகல், போதுமானதாக இருக்க வேண்டும். .300-இல் வழக்கமான பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று 150, 165-க்குத் தாராளம்.

கேள்வி: செம்புக்கு மாறியதும் குறி சிதறுகிறது. ரைஃபிள் கெட்டுப்போச்சா?

பழைய குண்டுகளின் செம்புப் படிவு குழலுக்குள் இருக்கும். செம்பு கரைக்கும் திரவத்தால், துணியில் நீலப்பச்சை வருவது நிற்கும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு மூன்று மூன்று குண்டாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் குழல் ஆறும்வரை நிறுத்துங்கள். மேக்னம் குழல் சீக்கிரம் சூடாகும், சூட்டில் குறி நகரும். அப்போதும் துளைகள் நெருக்கமாகச் சேரவில்லை என்றால் வேறு எடையில் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்ய வேண்டும். 200 யார்டுக்குக் குறி வைத்தால் 180 கிரெயின் குண்டு 100 யார்டில் சுமார் ஒன்றரை அங்குலம் மேலே படும்.

கேள்வி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார். ஈயக் குண்டால் சுட்ட இறைச்சி சாப்பிடலாமா?

கொடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். மேக்னம் வேகத்தில் ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறி காயத்திலிருந்து தூரம் போகும். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், துகள் பரவும். கொத்துக்கறி ஆக்கினால் ஒரு துகள் முழுக் கறியிலும் கலந்துவிடும். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இந்த இறைச்சியைச் சாப்பிடுவதானால் முழுச் செம்புதான் வழி. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

கேள்வி: .300 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்) பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. என் .300 வின்செஸ்டர் மேக்னத்தில் போடலாமா?

கூடவே கூடாது. இரண்டும் வேறு தோட்டா. பெட்டியில் உள்ள பெயர் குழலில் பொறித்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

கேள்வி: ஊருக்கு வரும்போது மான் வேட்டைக்கு வழி உண்டா?

இல்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைச் சுட்டால் சிறை.

கேள்வி: அடுத்த வாரம் சீசன். கையில் இருப்பது சாதாரண 150 கிரெயின் ஒரு பெட்டி மட்டும். கடையில் வேறு எதுவும் இல்லை. என்ன செய்வது?

அதையே வைத்து வேட்டையாடலாம், தூரத்தைத் தேர்ந்தெடுத்தால். அந்தக் குண்டு 100 யார்டில் இன்னும் 2,951 அடி வேகத்தில் இருக்கும். 200 யார்டில் 2,636 ஆகிவிடும், அது அதற்குப் பழக்கமான வேகம். ஆகவே திறந்த வயல் ஓரத்தில், 150 முதல் 250 யார்டு பார்க்கிற இடத்தில் உட்காருங்கள். பக்கவாட்டில் நிற்கும் மானை மட்டும், முன்சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். எலும்பைத் தொடாதீர்கள். 40 யார்டில் உங்களை நோக்கி நேராக நடந்து வருகிற மானை இந்தப் பெட்டியோடு சுட வேண்டாம், அது திரும்பி விலகிப் போகட்டும்.