குதிகால் வலி: ஊசி போட்டுக்கலாமா?

கேள்வி: சேலத்துல ஒரு துணிக்கடையில வேலை பாக்கறேன் டாக்டர், வயசு 41. காலைல எந்திரிச்சு மொத அடி வச்சா வலது குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு, நாலு நடை நடந்தா கொஞ்சம் விடும், ராத்திரி கடை சாத்தறதுக்குள்ள திரும்பவும் வந்துரும். எட்டு மாசமா இதே கதை. எக்ஸ்ரே பாத்துட்டு எலும்பு வளந்திருக்கு, ஊசி போட்டுக்கங்கன்னாங்க. கூட வேலை செய்யற அக்கா ஊசியே வேணாம்ங்கறாங்க. யார் சொல்றத கேக்கறது?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: மொதல்ல அந்த எலும்பு பயத்த விடுங்கம்மா. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தா அதே முள்ளு தெரியும், அத வெட்டி எடுக்கணும்னு அவசியம் இல்ல. நீங்க சொல்ற அந்த மொத அடி வலி இருக்கே, அது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியாங்கற பட்டையால வர்றது. குதிகால் எலும்புல ஆரம்பிச்சு விரல் வரைக்கும் உள்ளங்காலுக்கு அடியில ஓடற கெட்டியான பட்டை அது, நாள் பூரா மார்பிள் தரையில வெறுங்கால்ல நின்னா அதுக்கு ஓய்வே கெடைக்காது.

ஊசி போட்டா கால் போயிடாது. ஆனா இதுக்கு வழக்கமா போடற ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தையும் வலியையும் அமுக்கற மருந்து) குடுக்கற நிம்மதி பல பேருக்கு ஒரு மாசம் போல தான், அதுக்கப்புறம் வலி திரும்ப வரலாம், அடிக்கடி போட்டா அந்தப் பட்டை கிழியவும் குதிகால் கொழுப்பு மெலியவும் வாய்ப்பு இருக்கு. அதனால என்னோட ஓட்டு மொதல்ல எக்சர்சைசுக்கு.

கட்டில்ல இருந்து எறங்கறதுக்கு முன்னாடியே வலிக்கற கால தூக்கி அடுத்த தொடை மேல வச்சு, விரலெல்லாம் கையால பின்னாடி இழுத்து பத்து எண்ணுங்க, இப்படி பத்து தடவ. மதியம், ராத்திரியும் பண்ணுங்க. கெண்டைக்கால் இறுகியிருந்தா செவுத்துல கை வச்சு அதையும் நீட்டி விடணும். அடுத்தது, படிக்கட்டு ஓரத்துல ஒரு துண்ட சுருட்டி வச்சு விரல அது மேல வச்சுக்கிட்டு, குதிகால் வெளிய தொங்கறாப்ல நின்னு, குதிகால மெதுவா மேல தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவா எறக்கறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்ல 2014ல வந்த ஆய்வுல வெறும் ஸ்ட்ரெட்ச் பண்ணவங்கள விட இத பண்ணவங்களுக்கு மூணு மாசத்துல வலி நல்லா கொறஞ்சிருந்துச்சு, ஆனா ஒரு வருஷம் ஆனப்ப ரெண்டு குரூப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆக எதுனாலும் பொறுமை வேணும், ஒரு வாரத்துல விட்டுட்டு பலனே இல்லன்னு எழுதாதீங்க.

வீட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்பு போடுங்க, ஷூவுல சிலிக்கான் ஹீல் கப் வைக்கலாம். கடையில உக்கார எடம் கேளுங்க, தயங்க வேணாம், கடை ஊழியர்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத்துல திருத்தம் கொண்டாந்துட்டாங்க. இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் விடலன்னா வெளியில இருந்தே மிஷின் வச்சு அதிர்வலை குடுக்கற ஷாக்வேவ் சிகிச்சை இருக்கு, வாரம் ஒண்ணா சில தடவ குடுப்பாங்க. நம்ம ரத்தத்துல இருந்தே எடுத்துப் போடற பிஆர்பி ஊசியும் உண்டு, காசு ஜாஸ்தி. ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் ஏற்காட்டுல காப்பி தோட்டத்துல வேலை, சுகர் இருக்கு. குதிகால் வலிக்கு செங்கல்ல சுட வச்சு எருக்க இலை போட்டு மிதிக்க சொல்றாங்க, மிதிக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டவே வேண்டாம். சுகர்காரங்கள்ல பல பேருக்கு காலு மரத்திருக்கும், சூடு தெரியாமலே பொத்துப் போயிரும், அந்தப் புண்ணு ஆற மாசக்கணக்காகும். எருக்கம்பால் தோல்ல பட்டாலே எரியும், கண்ணுல பட்டா இன்னும் மோசம். ஐஸ் வைக்கறதும் மரத்த காலுக்கு ஆகாது. ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாளைக்கு சுகர் ஏறும், அதனால போடறவங்ககிட்ட சுகர் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிருங்க. மேட்டுல ஏறி எறங்கற வேலை கெண்டைக்காலையும் குதிகாலையும் நல்லா இழுக்கும், கொஞ்ச நாளைக்கு சமதரையில வேலை குடுக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. வெறுங்காலோட தோட்டத்துக்குப் போகவே கூடாது. எரிச்சல், மரப்பு, வீக்கம், காய்ச்சல், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலின்னு எதாச்சும் இருந்தா இது வேற விஷயமா இருக்கலாம், சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, சுகர் ரிப்போர்ட்டும் சாப்புடற மாத்திரையும் கையோட கொண்டு போங்க. வலி மாத்திரைய மட்டும் மெடிக்கல்ல கேட்டு வாங்கி நாள்கணக்கா போட்டுக்க விடாதீங்க, சுகரோட சேந்து அது கிட்னிய பதம் பாக்கும்.