தற்காலிக இலியாஸ்டமி வைத்த அப்பாவுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுத்தும் சோர்வு தீரவில்லை, பையைச் சுற்றித் தோலும் எரிகிறது. வேலூர் வெயிலில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீங்கள் எழுதியிருப்பது: அப்பாவுக்கு 58 வயது. மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து 3 வாரம். வீடு குடியாத்தம் பக்கம். பை ஒரு நாளில் 8, 9 தடவை நிரம்புகிறது. வெயில் காலம் என்பதால் 4 லிட்டர் தண்ணீரும் இரண்டு வேளை இளநீரும் கொடுக்கிறீர்கள். அப்படியும் எழுந்தால் தலை சுற்றுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது.

முதலில் ஒன்று செய்யுங்கள். நாளைக்கென்று தள்ளாமல் இன்றே கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் நான்குக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, ஆபரேஷன் செய்த யூனிட்டுக்கு ரிசல்ட்டைத் தெரியப்படுத்துங்கள். தலைசுற்றலும் கால் இழுப்பும் சேர்ந்து வந்தால் அது வெறும் வெயில் களைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. உடம்பில் உப்பு இறங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இலியாஸ்டமி வைத்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முக்கியமான காரணமே இந்த நீரிழப்பும் அதனால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும்தான்.

அடுத்தது, அந்த 4 லிட்டர் வெறும் தண்ணீரை நிறுத்துங்கள். அதுதான் பையை நிரப்பிக்கொண்டிருக்கிறது. சிறுகுடலிலிருந்து வரும் நீரில் மீதமிருக்கும் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி எடுப்பது பெருங்குடல். புற்றை வெட்டி எடுத்த பிறகு கீழே போட்டிருக்கும் குடல் இணைப்பு ஆறும்வரை அதன் மேல் மலம் படக்கூடாது என்று சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றில் திறந்து வைத்திருக்கிறார்கள், இதுதான் இலியாஸ்டமி. அதனால் பெருங்குடல் இப்போது வேலையில் இல்லை. பையில் வரும் ஒவ்வொரு லிட்டரிலும் கணிசமான சோடியம் போகிறது. இந்த நிலையில் வெறும் தண்ணீரோ டீயோ ஜூஸோ குடித்தால், சிறுகுடல் தன் சுவரிலிருந்து உப்பை எடுத்து அந்த நீரில் விட்டுத்தான் சமன் செய்யும். பிறகு குடித்த நீரும் விட்ட உப்பும் சேர்ந்து பைக்குப் போய்விடும். குடிக்கக் குடிக்கத் தாகம் எடுக்கும், தாகத்துக்கு மறுபடியும் தண்ணீர் குடிப்பார்கள். இளநீரும் இதற்கு உதவாது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. சிறுநீரகம் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொட்டாசியமே ஆபத்தாகலாம்.

குடலிலிருந்து உப்பு உடம்புக்குள் போக வேண்டுமானால் கூடவே குளுக்கோஸும் வேண்டும். அதனால்தான் ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட 1 லிட்டர் பாக்கெட்டாக வாங்குங்கள். பாக்கெட் முழுவதையும் அளந்த 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரையுங்கள். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பதெல்லாம் வேண்டாம். கரைத்ததை நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்து முடிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அட்டை டப்பாவில் ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையோடு விற்கும் பானங்கள் வேறு. அவற்றில் சர்க்கரை தூக்கல், உப்பு போதாது. போக்கு (பையில் வரும் நீர்) அதிகமாக இருப்பவர்களுக்குச் சில மருத்துவர்கள் இன்னும் உப்பு கூடிய கரைசல் எழுதித் தருவார்கள்: 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் பவுடர் 20 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். இதைக் கண்ணளவில் போடாதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிரஷர், இதய நோய், கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம்.

கஞ்சியும் நல்லது. அரிசி மாவு 50 கிராம், உப்பு 3 கிராம், வெந்து இறக்கும்போது 1 லிட்டர் இருக்கும்படி தண்ணீர். அரிசியின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே குளுக்கோஸாக உடைவதால் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ்ஸில் எளிதில் செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்தால் காலரா வயிற்றுப்போக்கு குறைகிறது என்று 2000-இல் ஆய்வு வெளியிட்டவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான். ஆனால் அந்த வகை மாவுச்சத்து வேலை செய்யும் இடம் பெருங்குடல். அப்பாவுக்கு அந்த வழி இப்போது மூடியிருப்பதால் அதைத் தேட வேண்டாம், சாதாரண அரிசிக் கஞ்சியே போதும். உப்பு போட்ட மோரும் நீராகாரமும் கொடுக்கலாம். கீமோ தொடங்கி வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் நீராகாரத்தை விட்டுவிட்டுச் சூடான கஞ்சிக்கு மாறிவிடுங்கள்.

கணக்காகச் சொன்னால்: போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் ஓ.ஆர்.எஸ். 1 லிட்டருக்குக் குறையாமல். வெறும் தண்ணீர், டீ, காபி, ஜூஸ் எல்லாம் சேர்ந்தே 1 லிட்டருக்குள். சாப்பிடும்போது குடிக்க வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது வியர்வையிலும் உப்பு போகும். அப்போது எவ்வளவு கூட்டலாம் என்று யூனிட்டில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்றைக் கழிப்பறையில் தனியாக வையுங்கள். பையைக் காலி செய்யும்போதெல்லாம் அதில் ஊற்றி அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். சிறுநீரையும் அப்படியே அளக்கலாம். ஆபரேஷன் ஆன புதிதில் பை அதிகமாகப் போகும். சில வாரங்களில் நாளுக்கு 500 முதல் 800 மில்லி வரை, கூழ் பதத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாளில் 1.5 லிட்டரைத் தாண்டினால் போன் செய்யுங்கள். 2 லிட்டரைத் தொட்டாலோ, சிறுநீர் அரை லிட்டருக்குக் கீழ் போய் அடர் மஞ்சளாக வந்தாலோ, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ இறங்கினாலோ உடனே கிளம்பிவிடுங்கள். தூரம் அதிகம் என்று உள்ளூரிலேயே டிரிப் ஏற்றுவதானால், 'குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்காதீர்கள். இவருக்குத் தேவை உப்பு, அதாவது நார்மல் சலைன். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, இலியாஸ்டமி இருக்கிறது, போக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தையும் இத்தோடு பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை, சில வகை பிரஷர் மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எல்லாம் நீரிழப்பு இருக்கும்போது சிறுநீரகத்துக்கோ உடம்புக்கோ கெடுதல் செய்யலாம். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்று டாக்டர் சொல்லட்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் முழுசாகப் பையில் வந்து விழுவதும் உண்டு. பார்த்தால் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். போக்கைக் குறைக்கும் லோப்பரமைடு மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட்டால்தான் பலன். பேதி மருந்து எந்தக் காரணத்துக்கும் கூடாது. கீமோவில் கேப்சிடபைன் மாத்திரை இருந்தால் அதுவே போக்கைக் கூட்டும், நோட்டில் எழுதிய அளவோடு உடனே தெரிவியுங்கள்.

இனி தோல். எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் பிளேட்டில் (பையைத் தாங்கத் தோலில் ஒட்டும் தகடு) வெட்டிய ஓட்டையின் அளவு. சிறுகுடல் நீரில் செரிமான நொதிகள் இருக்கின்றன. ஸ்டோமாவுக்கும் (வயிற்றில் வெளியே தெரியும் குடல் வாய்) பிளேட்டுக்கும் நடுவே வெறும் தோல் தெரிந்தால் அந்த இடம் வெந்து போகும். ஸ்டோமா முதல் 6, 8 வாரம் வீக்கம் வற்றிச் சுருங்கிக்கொண்டே வரும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவை வைத்தே வீட்டில் வெட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை பெரிதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அளவு அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 1 முதல் 2 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். வட்டமாக இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து விளிம்பை வரைந்து, அந்த வடிவத்திலேயே வெட்டுங்கள்.

கழற்றிய பிளேட்டைப் புரட்டிப் பார்க்காமல் எறியாதீர்கள். ஒட்டியிருந்த பக்கத்தில் எந்தத் திசையில் பசை வெளுத்து ஊறிக் கரைந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் ஒழுகுகிறது. பிறகு அப்பாவை உட்கார வைத்து அதே திசையில் வயிற்றைப் பாருங்கள், அநேகமாக அங்கே ஒரு மடிப்போ குழியோ இருக்கும். படுத்தால் அது தெரியாது. அந்தக் குழியை ஸ்டோமா பேஸ்ட் வைத்தோ சீல் ரிங்கின் (பசையுள்ள மெத்தென்ற வளையம்) ஒரு துண்டை வைத்தோ மேடாக்கினால் ஒழுகல் நிற்கும். பேஸ்டில் ஆல்கஹால் கலந்த வகை புண்ணில் பட்டால் சுரீரென்று எரியும். தோல் வெந்திருக்கும்வரை ரிங்கே நல்லது.

மாற்றுவதற்கு நல்ல நேரம் விடியற்காலை, எதுவும் சாப்பிடுவதற்கு முன். அப்போதுதான் போக்கு குறைவு. புது பிளேட்டை வெட்டித் தயாராக வைத்துக்கொண்டு பழையதை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்தியபடி மெதுவாக உரியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி போதும். டெட்டால், ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய், முகப் பவுடர் எதுவும் வேண்டாம். துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். அங்கே தொட்டால் வலி தெரியாது, அதனால் நகம் பட்டாலும் சூடு பட்டாலும் அவருக்குத் தெரியாமல் போகும், கவனம். தோலை ஒத்தி ஒத்தி நன்றாக உலர விடுங்கள். வெந்த இடத்தில் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத பவுடரைத் தட்டிவிடுங்கள். அது மிச்சமிருந்தால் பிளேட் பிடிக்காது. பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடாக்கி ஒட்டி, மேலே கையை வைத்து 2, 3 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் காற்றில் வியர்வை அடங்கிய பிறகு ஒட்டினால் நிற்கும். 3, 4 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நடுவில் ஒழுகினால் மேலே பிளாஸ்திரி போட்டுச் சமாளிக்காமல் முழுசாக மாற்றிவிடுங்கள், அடைத்து வைத்த நீர் தோலைத்தான் தின்னும். வெயில் காலத்தில் அரிப்போடு சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் விளிம்பைத் தாண்டிப் பரவினால் அது பூஞ்சை. டாக்டர் சொல்லும் பூஞ்சை மருந்தைப் பவுடராகக் கேட்டு வாங்குங்கள். க்ரீம் தடவினால் பிளேட் ஒட்டாது.

பையை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். பாதிக்கு மேல் போனால் கனத்தில் பிளேட்டை இழுக்கும். பிளேட்டும் பையும் தனித்தனியாக இருக்கும் இரண்டு பாக வகை என்றால் பிளேட்டின் வளைய அளவும் பையின் அளவும் ஒரே கம்பெனியில் ஒன்றாக இருக்க வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் சாலைப் பக்கம் வாங்கப் போகும்போது பழைய உறையைக் கையோடு கொண்டு போங்கள். வாங்கி வந்ததை ஷீட் கூரைக்கு அடியிலோ நிறுத்திய வண்டியிலோ வைத்தால் சூட்டில் பசை இளகிவிடும். லுங்கி முடிச்சு ஸ்டோமா மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோமா எப்போதும் ஈரமான சிவப்பாக இருக்க வேண்டும்; நீலம் பாய்ந்தாலோ கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாட்டில் இட்லி, குழைந்த சாதம், ஜவ்வரிசி, வாழைப்பழம், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, பொரி போக்கைக் கெட்டிப்படுத்தும். ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்குள் முடித்தால் தூக்கம் கெடாது. முதல் 6, 8 வாரம் மல்லாட்டை (வேர்க்கடலை), தேங்காய்த் துண்டு, சோளம், காளான், முருங்கைக்காய், கீரைத் தண்டு, பலா, நார் மாம்பழம் வேண்டாம்; இவை வயிற்றுச் சுவரைத் தாண்டும் குறுகலான இடத்தில் பந்தாகி அடைத்துக்கொள்ளும். இலவம்பாடி முள் கத்திரிக்காய் ஆசையாக இருந்தால் தோலும் விதையும் எடுத்து மசித்துக் கொடுங்கள். 4, 5 மணி நேரம் பையில் எதுவும் வராமல் வயிறு முறுக்கினால் திட உணவை நிறுத்தி, வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுத்து, முட்டியை நெஞ்சுக்கு மடக்கிப் படுக்கச் சொல்லி வயிற்றை மெல்ல நீவி விடலாம். வாந்தி வந்தாலோ 6 மணி நேரம் தாண்டினாலோ வீட்டு வைத்தியம் போதாது. அடைப்பில் தண்ணீராக மட்டும் பீய்ச்சி வருவதும் உண்டு, அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து லோப்பரமைடு கொடுத்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து 2 மாதம்வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் வேறு யாராவது தூக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்டோமா பக்கத்தில் குடலிறக்கம் வரலாம்.

ஆசனவாய் வழியாகச் சளி வருவதும், மலம் கழிக்க வேண்டும்போல் தோன்றுவதும் இயல்பு. உட்கார்ந்து லேசாக வெளியேற்றலாம், முக்க வேண்டாம். ஜுரத்தோடு நாற்றமான சீழோ ரத்தமோ வந்தால் மட்டும் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பையை எடுக்கும் ஆபரேஷன் கீமோ இல்லாதவர்களுக்குப் பொதுவாக 2, 3 மாதத்தில் நடக்கும். கீமோ இருந்தால் அது முடியட்டும் என்று தள்ளி வைப்பது வழக்கம். அதற்கு முன் விரலால் பரிசோதித்தும், கீழ்வழியாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தும் இணைப்பு ஆறியிருப்பதை உறுதி செய்வார்கள். ஆசனவாய்த் தசையை 5 விநாடி இறுக்கி 5 விநாடி விடும் பயிற்சியை 10 தடவையாக நாளுக்கு 3 வேளை செய்யலாமா என்று அடுத்த விசிட்டில் கேளுங்கள். பை போன பிறகு முதல் சில வாரம் அடிக்கடி, அவசரமாக மலம் வரும். அப்போது இந்தத் தசை வலுவாக இருந்தால் அடக்கிப் பிடிப்பது சுலபம். அந்த நாட்களுக்கென்று துத்தநாக ஆக்ஸைடு களிம்பு ஒரு டியூப் வாங்கி வைத்து, கழுவித் துடைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் ஆசனவாயைச் சுற்றித் தடவச் சொல்லுங்கள்.