கவுட்: வலி விட்ட பிறகுதான் வைத்தியம் தொடங்குகிறது

யூரிக் அமிலம் என்ற உடற்கழிவு மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் மூட்டுநோயே கவுட். கால் பெருவிரல் வீக்கம், யூரிக் அமிலம் ஆகியவை குறித்து நடுத்தர வயதினரிடமிருந்தும் முதியவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். மருந்தின் அளவுகள் பொதுவான விளக்கத்துக்காகச் சொல்லப்பட்டவை. சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து அவை ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி: நள்ளிரவில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. மறுநாள் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.1 என்று வந்ததால், இது கவுட் இல்லை என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். சரிதானா? (55 வயது, ஈரோடு)

சரியில்லை. நீங்கள் விவரித்திருப்பது கவுட்டின் பாடப்புத்தகச் சித்திரம். வலி உச்சத்தில் இருக்கும்போது உடலில் நிகழும் அழற்சியின் காரணமாகச் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை அதிகமாக வெளியேற்றும் என்பதால், அந்த நாட்களில் இரத்த அளவு இறங்கி, சிலருக்கு இயல்பாகவே காணப்படும். வலி அடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்தால்தான் உண்மை நிலை தெரியும்.

உடல் வெப்பநிலையில், டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் யூரிக் அமிலம் கரைந்த நிலையில் இருக்கும். அதைத் தாண்டிய அளவு பல ஆண்டுகள் நீடித்தால், மூட்டுக்குள் ஊசி வடிவப் படிகங்கள் சிறிது சிறிதாகப் படிகின்றன. உடலின் நடுப்பகுதியைவிடப் பாதம் குளிர்ச்சியாக இருப்பதால் படிகம் அங்கே எளிதில் உருவாகிறது. பெருவிரல் முதலில் மாட்டிக்கொள்வதற்கு அது ஒரு காரணம். மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் அந்தப் படிகங்களைக் காண்பதே ஐயத்துக்கு இடமில்லாத பரிசோதனை. அந்த வசதி இல்லாத ஊர்களில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஓரளவு கைகொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை: மூட்டு வீக்கத்துடன் குளிர்க்காய்ச்சலும் இருந்தால், மூட்டுக்குள் கிருமித்தொற்று உள்ளதா என்பதை அன்றே மருத்துவமனையில் பார்த்துவிட வேண்டும். தொற்று சில நாட்களிலேயே மூட்டைச் சிதைத்துவிடும்.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் யூரிக் அமிலம் 8.2 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. எனக்கு எந்த மூட்டிலும் வலி வந்ததே இல்லை. மாத்திரை தொடங்க வேண்டுமா? (47 வயது, சென்னை)

பெரும்பாலும் தேவையில்லை. யூரிக் அமிலம் உயர்ந்தவர்களில் பெரும்பான்மையோருக்குக் கவுட் வருவதே இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், உடல் எடை ஆகியவற்றைப் பாருங்கள். அந்தச் சிவப்பு எழுத்து உண்மையில் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

கேள்வி: கவுட் என்று தெரிந்ததிலிருந்து பருப்பு, கீரை, காளான், காலிஃபிளவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சாம்பாரே இல்லாமல் ஆறு மாதம் ஆகிறது. யூரிக் அமிலம் அரைப் புள்ளிதான் குறைந்தது. (60 வயது, மதுரை)

உங்களைச் சாம்பாரிலிருந்து விலக்கியவர் மீது எனக்குச் சற்றே வருத்தம்தான். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் இவற்றிலும் உண்டு என்பது உண்மை. ஆனால் பியூரின் மிகுந்த காய்கறிகளை உண்பவர்களுக்குக் கவுட் கூடுதலாக வருவதில்லை என்பது, 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான, பல்லாயிரம் ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலேயே தெளிவாகிவிட்டது. இறைச்சியும் கடலுணவும் ஆபத்தைக் கூட்டின. கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் அதைக் குறைத்தன. ஆகவே பருப்பும் கீரையும் மோரும் உங்கள் இலைக்குத் திரும்பலாம்.

குறைக்க வேண்டியவை வேறு. ஆட்டு ஈரல், மண்ணீரல், குடல், சிறுநீரகம், மத்தி, நெத்திலி ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. மதுவில் பீர் இரட்டைத் தீங்கு, ஏனெனில் ஆல்கஹாலோடு பியூரினும் அதில் இருக்கிறது. பலரும் கவனிக்காத எதிரி, சர்க்கரை கலந்த குளிர்பானமும் பாக்கெட் பழச்சாறும். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலம் உற்பத்தியாகிறது. எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் அதுவே வலியைக் கிளப்பிவிடும்.

ஆனால் இவ்வளவு செய்தும் கணக்கு ஓரளவுக்கு மேல் மாறாது. உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி நம் சொந்த செல்களின் கழிவிலிருந்து வருவது. உணவின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். மேலும், பெரும்பாலான நோயாளிகளின் சிக்கல் அதிக உற்பத்தி அன்று. சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாமையே. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. வாயைக் கட்டாததால் வந்த நோய் என்று வீட்டார் குற்றம் சாட்டுவதில் நியாயமில்லை.

கேள்வி: ஓராண்டில் நான்கு முறை வலி வந்ததால் அலோபியூரினால் தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்திலேயே முன்பைவிடக் கடுமையாக வலி வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்திவிட்டேன். (63 வயது, தஞ்சாவூர்)

கவுட் சிகிச்சை தோற்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். வலிநிவாரணி வலியை மட்டும் அடக்கும். மூட்டில் படிந்த படிகம் அங்கேயே இருக்கும், அடுத்த முறைக்காகக் காத்திருக்கும். அலோபியூரினால் யூரிக் அமில உற்பத்தியைக் குறைத்து, இரத்த அளவை 6-க்குக் கீழே கொண்டுவருகிறது. அப்போது பழைய படிகங்கள் மெல்லக் கரையத் தொடங்குகின்றன. அவ்வாறு கரைந்து தளரும் படிகத் துகள்களே முதல் சில மாதங்களில் அழற்சியைத் தூண்டுகின்றன. அதாவது, உங்களுக்கு வந்த வலி மருந்து வேலை செய்ததன் அடையாளம். இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தரப்பின் குறை.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவதாக, நாளொன்றுக்கு 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாக, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 மி.கி. அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்த அளவைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். 300 மி.கி. வரை சென்றும் 6-க்குக் கீழே வராதவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். முதல் நாள் எழுதிய 100 மி.கி.-யோடு பல ஆண்டுகள் ஓட்டுவதில் பயன் குறைவு. இரண்டாவதாக, முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் கவுட் அழற்சியை அடக்கும் கால்ச்சிசின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் துணைக்குத் தருவார்கள். இடையே வலி வந்தாலும் அலோபியூரினாலை நிறுத்தக் கூடாது.

நிறுத்தியே ஆக வேண்டிய ஒரு சூழல் உண்டு. தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் ஆகியவை முதல் சில வாரங்களில் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அரிதான, ஆனால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக அது இருக்கலாம். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தான அசதியோபிரின் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாற்று மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் குறித்து, இதய நோயாளிகளிடம் கூடுதல் கவனம் தேவை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்துள்ளது.

கேள்வி: கால்ச்சிசின் கண்வலிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்கிறார்களே, எங்கள் தோட்டத்து வேலியிலேயே அது படர்ந்திருக்கிறது. நேரடியாகப் பயன்படுத்தலாமா? (58 வயது, தாராபுரம்)

கூடவே கூடாது. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்: நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் இருக்கிறது, உங்கள் பக்கத்து மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் விதைக்காகவே அதைப் பந்தலிட்டு வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் இந்த மருந்தில் பயன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. கிழங்கை உண்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி, எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் செயலிழந்து இறந்த நிகழ்வுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மருத்துவப் பதிவுகளில் உள்ளன.

மாத்திரையிலும் கட்டுப்பாடு தேவை. வலி தொடங்கிய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி. என்பதே இன்றைய வழக்கம். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொன்று விழுங்கும் பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் இது நஞ்சாகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கால்ச்சிசினும் வலிநிவாரணிகளும் ஆபத்து என்பதால், அவர்களுக்குப் பெரும்பாலும் குறுகிய கால ஸ்டீராய்டே பொருந்தும். உறையில் பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளில் அதே ஸ்டீராய்டு அளவின்றிக் கலந்திருப்பது உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறார். விரல் மூட்டுகளில் வலியும், தோலுக்கு அடியில் வெண்மையான கட்டிகளும் உள்ளன. கவுட் ஆண்களுக்குத்தானே வரும்? (திருநெல்வேலி)

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் சுரப்பு யூரிக் அமிலத்தை வெளியேற்றத் துணை நிற்கிறது. அதன் பின் அந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. முதிய பெண்களுக்கு, ஏற்கெனவே தேய்மானமடைந்த விரல் மூட்டுகளில் கவுட் தொடங்குவது உண்டு. அதை வயதுத் தேய்மானம் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். அவருடைய மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர்பிரிப்பு மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அது யூரிக் அமிலத்தை உயர்த்தும். மருத்துவர் இசைந்தால், யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் லோசார்டான் என்ற இரத்த அழுத்த மருந்துக்கு மாற்றலாம். தாமாக எதையும் நிறுத்த வேண்டாம். குறிப்பாக, இதயத்துக்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது.

அந்த வெண்ணிறக் கட்டிகள் யூரேட் (யூரிக் அமில உப்பு) படிவுகளாக இருந்தால், இலக்கு 6 அல்ல, 5-க்குக் கீழ். அந்த அளவிலேயே நிலைநிறுத்தினால் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அவை கரையும். ஊசியால் குத்தியோ பிதுக்கியோ வெளியேற்ற முயல வேண்டாம். புண் எளிதில் ஆறாது.

கேள்வி: வலி வந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? (66 வயது, நாகர்கோவில்)

இரண்டும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடங்கள் வையுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள், தோல் வெளுக்கிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லிக்கொண்டு வைக்க வேண்டும்.