எச்.எல்.எச் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருகிறதா, கூடியதால் வருகிறதா?

கேட்டவர் சொன்ன விவரம் சுருக்கமாக: அக்கா மகனுக்கு ஆறு வயது. டெங்கு என்று சேர்த்தார்கள். பத்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ரத்த அணுக்கள் எல்லாமே இறங்கிவிட்டன. இப்போது எச்.எல்.எச் என்கிறார்கள். ஒரு டாக்டர் எதிர்ப்புச் சக்தி குறைவு என்கிறார், இன்னொருவர் கூடுதல் என்கிறார். போதாக்குறைக்குப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இது புற்றுநோயா? யார் சொல்வதை நம்புவது?

இரண்டு டாக்டர்களும் சொன்னது சரிதான். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன், நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இந்த நோயை நான் பார்ப்பது ஸ்லைடிலும் மெஷின் தரும் எண்களிலும்தான். சிகிச்சை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

முழுப்பெயர் ஹீமோஃபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ். வாயில் நுழையாது, விடுங்கள். கிருமி புகுந்த செல்களைக் கொல்வதற்கென்றே நம் உடம்பில் சில வெள்ளணுக்கள் உண்டு. டி செல்களில் ஒரு பிரிவு, அப்புறம் என்.கே செல்கள். இவை கொல்ல வேண்டிய செல்லோடு போய் ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின் என்ற புரதத்தைப் பாய்ச்சும். அது அந்தச் செல்லின் மேல் சவ்வில் துளை போடும். துளை வழியே கிரான்சைம் என்கிற நொதிகள் நுழைந்ததும் கதை முடிந்தது. செல் சாகும், ஒட்டியிருந்த பிடி விடும், கொன்ற செல் அடுத்த வேலைக்குப் போகும்.

துளை போட முடியாமல் போனால்தான் வினை. எதிரே இருக்கும் செல் சாகாது, பிடியும் விடாது. ஒட்டியபடியே டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தவர் அதை அடிக்கவும் தெரியாமல், கத்துவதை நிறுத்தவும் முடியாமல் நின்றால் என்ன ஆகும்? தெருவே கம்போடு உள்ளே புகும். பாம்பு சாகிறதோ இல்லையோ, பானை சட்டி ஒன்று மிஞ்சாது. இங்கே கம்போடு வருவது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் அணுக்கள். கிழடுதட்டிய சிவப்பணுக்களை அப்புறப்படுத்துவதுதான் அவற்றின் அன்றாட வேலை. வெறி பிடித்துவிட்டால் நல்ல அணுக்களையே விழுங்க ஆரம்பிக்கும்.

கொல்லும் திறன் குறைவு, அதன் விளைவாக வந்த கொந்தளிப்பு அதிகம். ஒரு டாக்டர் முதல் பாதியைச் சொன்னார், மற்றவர் இரண்டாம் பாதியைச் சொன்னார். பையனின் உயிருக்கு இப்போது ஆபத்தாக இருப்பது இரண்டாம் பாதி. அதனால்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தருகிறார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' பொடியும் லேகியமும் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

எலும்பு மஜ்ஜை ஸ்லைடில் இது எப்படித் தெரியும் என்று சொல்லத் தோன்றுகிறது. லெய்ஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் சொட்டு வைத்து நூறு மடங்கு லென்சில் ஸ்லைடை மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில், பெரிய அணுக்கள் ஒதுங்கும் இடத்தில், வெளிறிய நீலத்தில் ஒரு மேக்ரோஃபேஜ் தட்டுப்படும். அதன் வயிற்றுக்குள் முழுசாக நாலைந்து சிவப்பணுக்கள், பக்கத்தில் தட்டணுக்கள், சில சமயம் இன்னும் வளர்ந்து முடியாத சிவப்பணு ஒன்று உட்கருவோடு. அதன் சொந்த உட்கரு ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கும். பார்த்தவுடன் சீனியரைக் கூப்பிடுவோம். ஆனால் ஒன்று: இது தெரிந்தால் எச்.எல்.எச், தெரியாவிட்டால் இல்லை என்று கணக்கு கிடையாது. கடுமையான கிருமித் தொற்றிலும், பலமுறை ரத்தம் ஏற்றியவர்களிடமும் இதே காட்சி தெரியும். நிஜமான எச்.எல்.எச்சில் முதல் மஜ்ஜைப் பரிசோதனையில் ஒன்றுமே தெரியாமலும் போகும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்ததை வைத்து டாக்டரோடு வாதாட வேண்டாம்.

எங்கள் கண்ணில் முதலில் உறுத்துவது பெரும்பாலும் ஃபெரிட்டின். இரும்பைச் சேமிக்கும் புரதம் இது. ஆரோக்கியமான குழந்தைக்கு நூறு, நூற்றைம்பதுக்குள் இருக்கும். இந்த நோயில் ஆயிரங்களில் ஓடும். பல மெஷின்கள் இரண்டாயிரத்தைத் தொடுவதற்குள்ளேயே கை விரித்து, 'அதற்கு மேல்' என்று மட்டும் காட்டும். அப்போது சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டி, பெருக்கிச் சொல்ல வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 'அதற்கு மேல்' குறி மட்டும் இருந்தால், நீர்க்கச் செய்து சரியான எண்ணைத் தர முடியுமா என்று கேளுங்கள். மூவாயிரமும் முப்பதாயிரமும் ஒன்றல்ல. குழந்தைகளில் பத்தாயிரத்தைத் தாண்டினால் எச்.எல்.எச்சின் மேல் சந்தேகம் வலுக்கும். வெறும் டெங்குவே சில ஆயிரம் வரை ஏற்றிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு விசித்திரம் ஈ.எஸ்.ஆர், அதாவது சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்று பார்க்கும் சோதனை. காய்ச்சல் கொதிக்கும், உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி எகிறும், ஈ.எஸ்.ஆர் மட்டும் இறங்கும். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேகமாகக் கீழே படிய, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் வேண்டும். இந்த நோயில் அதுவே தீர்ந்துபோகிறது. விவரம் தெரியாதவர்கள் 'ஈ.எஸ்.ஆர் நார்மலுக்கு வந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுகோல் 2004-இல் வகுத்தது. எட்டு அம்சங்களில் ஐந்து பொருந்த வேண்டும்: காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், மூன்று வகை ரத்த அணுக்களில் குறைந்தபட்சம் இரண்டு வகை இறங்குவது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவது அல்லது ஃபைப்ரினோஜென் இறங்குவது, ஃபெரிட்டின் 500-க்கு மேல், மஜ்ஜையில் அணு விழுங்கல், என்.கே செல் செயல்பாடு குறைவு, டி செல்களின் கொந்தளிப்பைக் காட்டும் 'கரையும் சி.டி.25' என்ற புரதம் அதிகம். கடைசி இரண்டும் எல்லா ஊரிலும் செய்ய முடியாது. எட்டும் வரட்டும் என்று கைகட்டிக்கொண்டு இருக்கவும் மாட்டார்கள்.

புற்றுநோயா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் ரத்தவியல், புற்றுநோய்ப் பிரிவு டாக்டர்களுக்குத்தான் இதில் பழக்கம் அதிகம், மருந்துகளும் அவர்கள் கையில் இருப்பவை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முதலில் வரும். தேவைப்பட்டால் எட்டோபோசைடு. இது கீமோ மருந்து என்பதால் பெயரைக் கேட்டதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இங்கே அதைத் தருவது அடங்காமல் பெருகும் டி செல்களைக் குறைப்பதற்காக. 1994-இல் வகுத்த சிகிச்சை முறை இந்த இரண்டையும் வைத்துத்தான். அதற்கு முன் பரம்பரையாக வரும் வகையில் ஏறக்குறைய எந்தக் குழந்தையும் பிழைத்ததில்லை. அந்த முறையில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேல் ஐந்து ஆண்டுகள் தாண்டி உயிரோடு இருந்தார்கள். இது பரம்பரை வகையும் மோசமான நிலையில் வந்தவர்களும் சேர்ந்த கணக்கு, உங்கள் பையனுக்கான ஜோசியம் அல்ல.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எதனால் வந்தது?

எச்.எல்.எச் என்பது உடம்பு போய்ச் சேர்ந்திருக்கும் நிலையின் பெயர். அங்கே போய்ச் சேரும் வழிகள் பல. டெங்கு, எப்ஸ்டீன்-பார் வைரஸ், டைபாய்டு, மலேரியா, காசநோய், பீகார் பக்கம் காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சல். பெரியவர்களுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். மூட்டுவாதம் உள்ள குழந்தைகளுக்கு அதன் வழியாகவும் வரும். நம் ஊரில் ஸ்க்ரப் டைஃபஸை மறக்கவே கூடாது. புதர்ப் பகுதியில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வருவது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. குளிப்பாட்டும்போது அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ்தான் காரணம் என்றால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்திலேயே பலருக்கு எல்லாம் அடங்கிவிடுகிறது, கீமோ வரை போக வேண்டியதில்லை. டெங்குவால் வந்ததிலும் சிலருக்கு ஸ்டீராய்டே போதுமானதாக இருக்கிறது.

ஸ்டீராய்டு போடுவதற்கு முன்பே மஜ்ஜை எடுக்க டாக்டர்கள் அவசரப்படுவதும் இதனால்தான். உள்ளே லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாக மறைத்துவிடும்.

அப்புறம் மரபணு வகை. 1952-இல் எடின்பரோவில் ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் இதை முதலில் விவரித்தார்கள். பெர்ஃபோரின் மரபணுவில் பழுது என்று தெரிந்தது 1999-இல்தான். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று எனப் பழுதான பிரதி இரண்டும் சேர்ந்தால்தான் நோய். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டிய வீடுகளில் இரண்டும் சேரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் வெளிப்படும், ஆனால் ஆறு வயதிலும் வரலாம். டெங்கு வந்தது நிஜமாக இருந்தாலும், அடியில் இந்தப் பழுது இருந்து டெங்கு அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம். எனவே அக்கா சொந்தத்தில் கட்டினாரா, முன்பு ஏதாவது குழந்தை காய்ச்சலில் தவறியதா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் இதைக் கேட்டாலே கோபித்துக்கொள்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல அல்ல, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யத்தான்.

பெர்ஃபோரின், என்.கே செல் பரிசோதனைகளுக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து கூரியரில் போட்டால் திங்கட்கிழமை பயனில்லாமல் போகும். எந்த நாள் எடுத்தால் சரியாகப் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மரபணு வகை என்று உறுதியானால் மருந்து கொந்தளிப்பை அடக்கி வைக்க மட்டுமே. நிரந்தரத் தீர்வு ஸ்டெம் செல் மாற்று, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை இன்னொருவரிடமிருந்து பெற்று ஏற்றுவது. கூடப் பிறந்தவர்கள் தருவதாக இருந்தால் திசுப் பொருத்தம் மட்டும் பார்த்தால் போதாது. அவர்களுக்கும் அதே பழுது இரண்டு பிரதியாக இருந்து இன்னும் வெளிப்படாமல் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, ஆகவே அவர்களுடைய மரபணுவையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.